மாலையானால் எங்கள் வீடு அமெரிக்கா

போன வாரம் ராத்தாவின் மகள் நிலோபர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். ராத்தா என்றால் எங்கள் வீட்டு வழக்கில் அக்கா; உம்மா அம்மா, வாப்பா அப்பா. வந்த பெண் செருப்பைக் கழற்றியதும் செய்த முதல் காரியம், மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரில் செருகியதுதான். இங்கே எத்தனை வோல்ட், எந்த மாதிரித் துளை, எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்காமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியின் முதுகைப் படித்தேன். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் போட்டிருந்தது: நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட், ஐம்பது அல்லது அறுபது ஹெர்ட்ஸ்.

முகர்ந்தும் பார்த்தேன். சிரிக்காதீர்கள். சூடான வார்னிஷ் வாசனை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் ஓடினால் அந்த வாசனை வந்தே தீரும். அது வந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அளவுக்கு மேல் வந்தால் ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் உம்மாவின் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அப்போதும் நாங்கள் ரங்கூனின் லத்தா பேட்டையில், இதே மூன்றாம் மாடி வீட்டில்தான் குடியிருந்தோம். பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப். கீழே பத்திரிகைக்காரன் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டுவான், நாங்கள் மேலே இழுத்துக்கொள்வோம். மாமாவின் பெட்டி அந்தக் கயிற்றுக்கு அடங்காது. யூசுப் மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கித் தூக்கி வந்தோம். மச்சான் ராத்தாவின் கணவர். அலோன் படகுத்துறைப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். கிடங்கை மூடிவிட்டார்கள். அதனால் அந்த ஆண்டு அவருக்குப் பெட்டி தூக்க நேரம் இருந்தது.

பெட்டிக்குள் பல துண்டுகளைச் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தது ஒரு மின்சாரத் தையல் மெஷின். இளம்பச்சை நிறம். ராத்தா அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"தொட்டுப் பாரு பிள்ளே, கடிக்காது" என்றார் மாமா.

"தொட்டா விடமாட்டேன் மாமா. அதான் பயமா இருக்கு."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மச்சானின் அண்ணன் ரங்கூனுக்கு வெளியே மாவ்பி என்ற சிற்றூரின் சந்தையில் மளிகைக்கடை வைத்திருந்தார். வேலை போனபின், "குடும்பத்தோடு வந்துவிடு, கடையில் உட்கார்ந்துகொள்ளலாம்" என்று மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். வாப்பாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ராத்தாவுக்குக் கசந்தது. அவளுக்கு ரங்கூனை விட்டுப் போகப் பிடிக்கவில்லை, தைப்பதை விட்டுப் போக அதைவிடப் பிடிக்கவில்லை. "மாவ்பிக்குப் போனா அரிசிச் சாக்குக்கு வாய் தைக்கத்தான் என்னைக் கூப்பிடுவாங்க" என்பாள். அதுவரை சொந்த மெஷின் இல்லாமல், தெரிந்தவர்கள் வீட்டில் கேட்டுவாங்கி மிதித்துக்கொண்டிருந்தாள். இப்போது அமெரிக்காவே வீட்டுக்குள் வந்து நின்றது.

நின்றதே தவிர ஓடவில்லை. எங்கள் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. சுவரில் உருண்டைத் துளைகள் மூன்று, பக்கத்திலேயே தடிமனான சுவிட்சு. மெஷினின் பிளக்கிலோ தட்டையாக இரண்டு தகடுகள். மாமா வியந்துபோய்ச் சொன்னார், அங்கே சுவர்த்துளைக்குச் சுவிட்சே கிடையாதாம், செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். விளக்குச் சுவிட்சுகூடத் தலைகீழ். இங்கே கீழே தட்டினால் எரியும், அங்கே மேலே தள்ளினால் எரியும். அவர் இருந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டு விளக்கை அணைக்கப் போய்ப் போட்டுக்கொண்டும், போடப் போய் அணைத்துக்கொண்டும் இருந்தார்.

துளைக்கு ஒரு மாற்றுப் பிளக் கடைத்தெருவில் கிடைத்தது. அதைவிடப் பெரிய சிக்கல் துளைக்குள் வரும் மின்சாரம். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன முறையில் நம் வீட்டுக் கம்பியில் வர வேண்டியது இருநூற்று முப்பது வோல்ட். அமெரிக்காவில் அதில் ஏறக்குறைய பாதி. அடுப்பு மாதிரிப் பெரிய சாமான்களுக்கு மட்டும் இரண்டு பாதியையும் சேர்த்து முழுசாகக் கொடுப்பார்களாம். வாப்பா இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"முழுசா வச்சுக்கிட்டே பாதி பாதியாக் குடுக்கிறான். கஞ்சனா இருப்பானோ?"

"ஷாக் அடிச்சா உயிரு தப்பட்டும்னுதான்" என்றார் மாமா.

"அப்ப கஞ்சன் இல்ல, பயந்தாங்கொள்ளி."

உண்மையில் கஞ்சன் பிரிட்டிஷ்காரன்தான். வோல்ட் இருமடங்கானால் அதே வேலைக்கு மெல்லிய கம்பி போதும், செம்பு மிச்சம். இதை நான் எடுத்துச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் நான் எதையும் அளக்காமல் நம்புவதில்லை. லத்தா கடைத்தெருவில் ஒரு வோல்ட் மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன் சுவரை அளந்துவிட்டுத்தான் உட்காருவேன். "இவனுக்குப் பொண்ணு குடுக்கிறவங்க எர்த் போட்டுத்தான் குடுக்கணும்" என்று மச்சான் சொல்வார்.

இருநூற்று முப்பதைப் பாதியாக்க ஒரு டிரான்ஸ்பார்மர் செய்து வாங்கினோம். செங்கல் அளவு இருக்கும், எடையும் செங்கல்தான். மேலே பூசிய வார்னிஷ் சூடேறும்போது வருமே, அதுதான் நான் முதலில் சொன்ன வாசனை. உம்மாவுக்கு அது பிடிக்காது. சாம்பிராணி போட்டுப் பார்த்தாள், சாம்பிராணியும் வார்னிஷும் சேர்ந்து ஒரு புது வாசனை வந்தது. பிறகு விட்டுவிட்டாள்.

மாமா கொண்டுவந்த இன்னொரு சாமானையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு எண்கள் எரியும் மேஜைக் கடிகாரம், வாப்பாவுக்கு. அதையும் டிரான்ஸ்பார்மரில்தான் மாட்டினோம். அழகாக எரிந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் பின்தங்கியது. மாமாவுக்கு ஒரே அவமானம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புலம்பினார். கடிகாரத்தின் மேல் தப்பே இல்லை. அங்கே மின்சாரம் ஒரு நொடிக்கு அறுபது தடவை அலையடிக்கும், இங்கே ஐம்பது. கடிகாரம் பாவம், அலையை எண்ணித்தான் நேரம் சொல்கிறது. அறுபது எண்ணினால் ஒரு நொடி என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், அலையை மாற்றாது. நான் இதை விளக்கியதும் வாப்பா கடிகாரத்தைத் தடவிக்கொடுத்தார்.

"ஊருக்குப் புதுசு. பழகிடும்."

பழகவில்லை. ஆனால் எங்கள் தெருவில் மின்சாரம் போய்ப் போய் வரும். போய் வந்த ஒவ்வொரு தடவையும் அது பன்னிரண்டு என்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று முழுசாகப் பார்க்கும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை.

தையல் மெஷினுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் மோட்டார் அலையை எண்ணுவதில்லை, வோல்ட் சரியாக இருந்தால் போதும். பகலில் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பட்டுப்போல ஓடியது. சாயங்காலம் தெருவெல்லாம் விளக்கும் டிவியும் போட்டால் மாட்டுவண்டி ஆகிவிடும். ஊசி ஒரு தடவை இறங்கும், யோசிக்கும், ஏறும். நான் மீட்டரை வைத்தேன். சுவரிலேயே நூற்றுப் பதினைந்துதான் வருகிறது. டிரான்ஸ்பார்மர் தன் கடமையைச் செய்து அதையும் பாதியாக்கிவிடுகிறது!

மற்ற வீடுகளில் இந்த நேரத்துக்குத்தான் வோல்ட்டை ஏற்றும் பெட்டியைத் திருகுவார்கள். மச்சான் மீட்டரின் முள்ளைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், மெஷினை டிரான்ஸ்பார்மரிலிருந்து பிடுங்கி மாற்றுப் பிளக்கோடு நேராகச் சுவரில் செருகினார். ராத்தா மெஷினின் மிதியைக் காலால் அழுத்தினாள். பட்டுப்போல ஓடியது.

"பாத்தியா? சாயங்காலம் ஆனா நம்ம வீடு அமெரிக்கா" என்றார் மச்சான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முறை ஏற்பட்டது. கூடத்தின் நடுவில் ஒரு குண்டு பல்பு தொங்கும். அதன் கம்பி வெள்ளையாக எரிந்தால் பிரிட்டிஷ், டிரான்ஸ்பார்மர் வழியாகத் தைக்க வேண்டும். பழுத்த தக்காளி நிறத்துக்கு இறங்கினால் அமெரிக்கா, நேரே தைக்கலாம். மீட்டரோடு நான் தயாராக இருந்தும் பல்பைத்தான் நம்பினார்கள் என்பதில் எனக்கு இன்றுவரை சின்ன வருத்தம் உண்டு. அமெரிக்கா எந்த நிமிஷமும் பிரிட்டிஷாக மாறலாம் என்பதால், நேரே தைக்கும்போது ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை மெனக்கெட்டு அதைச் செய்ய வாப்பாதான் ஆள். பிரம்பு நாற்காலியைப் பல்புக்கு அடியில் போட்டுக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். பல்பு வெளுத்தால், "பிரிட்டிஷ் வந்துட்டான், கழட்டு!" என்று கத்துவார். தெருவே மின்சாரம் வந்தால் "மீ லா ப்யீ" என்று பர்மியில் கூவும். எங்கள் ஒரு வீட்டில் மட்டும் ஆட்சி மாறும்.

நாற்காலியில் உட்கார்ந்ததால் வாப்பா மனசு மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பல்பைப் பார்த்துக்கொண்டேதான் மாவ்பி பேச்சையும் எடுப்பார். "அங்க சொந்தக் கடை. நாலு பேரு மதிப்பாங்க. இங்க பல்பைப் பாத்துத் தைக்கிற பொழப்பு ஒரு பொழப்பா?"

ராத்தா தலை நிமிராமல், "நீங்க பல்பைப் பாருங்க வாப்பா" என்பாள்.

எதிர்க் கட்டடத்தில் டோ மியா என்ற அம்மாள் இருந்தார். அவருடைய அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். கோயில், விகாரை இரண்டுக்கும் போவார். வீட்டில் பேச்செல்லாம் பர்மிதான், ஆனால் எங்களைக் கண்டால் விடாப்பிடியாகத் தமிழில் பேசுவார். சந்தையில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மணப்பெண்ணுக்கும் தோழிகளுக்கும் லேஸ் வைத்த மேல்சட்டைகள் (பர்மாக்காரர்கள் எஞ்ஜி என்பார்கள்) தைக்கும் வேலையை ராத்தாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே பால்கனிக்குப் பால்கனி சத்தமாகச் சொன்னார்.

"மும்தாஜ், நேரத்துக்குக் குடு. நல்லா வந்தா என் கடையிலே ஒனக்கு ஒரு மூலை தாரேன். துணி நான் விக்கிறேன், நீ தை. நேரம் தப்புனா மட்டும் நான் ஒன் கூடப் பேசவே மாட்டேன், ஆமா!"

தெருவே கேட்டது. வாப்பாவும் கேட்டார். "சரி. இந்தக் கல்யாணத் துணியைச் சொன்ன நேரத்துக்குக் குடுத்துட்டேன்னா நான் மாவ்பி பேச்சை எடுக்கலே. குடுக்கலேன்னா பெட்டியைக் கட்டு" என்றார். மச்சான் நடுவில் நின்று இருவரையும் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எங்கே போனாலும் சரி, ராத்தா முகம் சிரித்தால் போதும்.

தோழிகளின் சட்டைகள் முன்னாலேயே முடிந்தன. மணப்பெண்ணின் சட்டைதான் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் வரை இழுத்தது. ஒரு கை பூட்டியாயிற்று, மற்றதும் விளிம்பு லேஸும் பாக்கி. நல்லவேளையாக அன்று அமெரிக்கா சீக்கிரமே வந்துவிட்டது. காரணம் எதிர்வீடுதான். டோ மியா வீட்டு முகப்பில் மாடிக்கு மாடி சரம் சரமாக விளக்குப் போட்டிருந்தார்கள். அத்தனையும் எங்கள் லைனிலேயே இழுத்தன. எங்கள் பல்பு தக்காளியாகி ஆடாமல் அசையாமல் நின்றது. கல்யாண வீட்டு விளக்கு எரிவதால்தான் கல்யாணச் சட்டை ஓடுகிறது என்று மச்சான் சொல்ல, ராத்தா ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தாள். உம்மா மஃரிப் தொழுகைக்கு உள்ளே போயிருந்தாள். வாப்பா நாற்காலியில்.

அப்போது தெருவில் ஒரு சத்தம். நான்கு ஆட்கள் கைவண்டியில் என்னவோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடைபாதையில் நிறுத்திக் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். டப், டப், டப் என்று கிளம்பியது.

வாப்பாவுக்கு எந்திரம் என்றால் உயிர். "ஜெனரேட்டர்! டோ மியா வாடகைக்கு எடுத்திருக்காடா! புகையைப் பாரு!" என்று நாற்காலியை விட்டு எழுந்து பால்கனிக்கு ஓடிவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு விளக்குச் சரங்கள் ஒரு நொடி அணைந்தன. பிறகு ஜெனரேட்டரில் பளிச்சென்று எரிந்தன. தெருவே கை தட்டியது. நாங்களும் தட்டினோம்.

அந்தச் சரங்கள் எங்கள் லைனை விட்டுப் போய்விட்டன என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கூடத்தில் எங்கள் பல்பு வெள்ளை வெளேரென்று எழுந்தது. மெஷினின் முகத்தில் இருந்த சின்ன விளக்கு நீலமாக ஒரு மின்னல் அடித்துச் செத்தது. மோட்டார் கத்தியது. ராத்தா மிதியிலிருந்து காலை எடுத்தாள். அது நிற்கவில்லை, மிதிக்குள் என்னவோ ஒட்டிக்கொண்டுவிட்டது. துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கழட்டு! கழட்டு!" என்று அலறினாள். மச்சான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் ஊசி ஒடிந்து, வார்னிஷ் வாசனை வேண்டிய அளவைத் தாண்டி, புகையாகவே வந்தது.

வாப்பா பால்கனி வாசலில் நின்றார். நாற்காலியைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். "பிரிட்டிஷ் வந்துட்டான்" என்றார், மெதுவாக, யாருக்கும் தேவைப்படாத நேரத்தில்.

துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்தா அதை விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். அவள் அழுதிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மச்சான்தான் மெஷினின் பக்கத்தில் உட்கார்ந்து, கருகிய மோட்டாரிலிருந்து வாரைக் கழற்றினார். வலது பக்கத்துச் சக்கரத்தை விரலால் தள்ளினார். ஊசித்தண்டு இறங்கி ஏறியது.

"மோட்டார்தான் போச்சு. மெஷின் இருக்கு. யாராவது சுத்துனா தைக்கும்."

"நான் சுத்துறேன்" என்றேன்.

"தள்ளு" என்றார் வாப்பா. சட்டைக் கையை மடித்துவிட்டு, அதே பிரம்பு நாற்காலியை இழுத்துப்போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ராத்தா புது ஊசி மாட்டினாள். துணியை வைத்தாள். வாப்பா சுற்றினார்.

"மெதுவா, வாப்பா."

மெதுவாகச் சுற்றினார்.

"நிறுத்துங்க... இப்ப அரைச் சுத்து. அரைன்னா அரைதான்! வளைவு வருது."

எங்கள் வீட்டில் வாப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் சொன்னபடி அரைச் சுற்றே சுற்றினார். உம்மா தொழுகை முடித்து வந்து இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்ச் சத்தம் வராமல் சிரித்தாள். பல்பு அன்றைக்குப் பார்த்து அசையவே இல்லை. முழு பிரிட்டிஷ் வெளிச்சம், லேஸின் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. இத்தனை நாள் தக்காளி வெளிச்சத்தில் எப்படித் தைத்தாள் என்று அப்போதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

சட்டையை வாங்கிப்போக டோ மியாவே படியேறி வந்தார். தலையில் பூ, கையில் விசிறி. வாசலிலேயே நின்று, வாப்பாவைப் பர்மிய மரியாதையோடு பேர்சொல்லிக் கூவினார்.

"அமலே! ஊ ஹனிபா மெஷின் சுத்துறாரே! என்ன ஆச்சு?"

"ஒங்க ஜெனரேட்டர் வந்துச்சு, எங்க அமெரிக்கா போச்சு" என்றாள் ராத்தா, கடைசித் தையலைப் பார்த்துக்கொண்டே.

டோ மியாவுக்கு முழுசாகப் புரிய வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வோல்ட்டிலிருந்து ஆரம்பித்தேன். மச்சான் குறுக்கே வந்து, "ஒங்க லைட்டு எங்க லைனை விட்டதும் மோட்டார் வெந்துபோச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சட்டையை வாங்கிக் கைப்பூட்டைத் திருப்பினார், லேஸை இழுத்துப் பார்த்தார், உள்தையலைப் பார்த்தார். இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒன்று மோட்டார் தைத்தது, மற்றது வாப்பா சுற்றியது. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

"கல்யாணம் முடியட்டும். கடையிலே மூலையை ஒழிச்சு வைக்கிறேன்" என்றார் ராத்தாவிடம். வாப்பா பக்கம் திரும்பி, "இவரையும் கூட்டிட்டு வா. நல்லாச் சுத்துறார்" என்றார்.

வாப்பா தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே மச்சானைப் பார்த்தார். "ஒங்க அண்ணனுக்குச் சொல்லிவிட்டுடுங்க மாப்பிளே. வரலேன்னு."

மோட்டாரைத் திரும்பக் கட்டவில்லை. மெஷினை ஒரு பழைய கால்மிதி மேஜையில் ஏற்றி, தோல்வார் போட்டு, டோ மியா கடையின் மூலைக்குக் கொண்டுபோனோம். அங்கே அதற்குப் பிரிட்டிஷும் கிடையாது, அமெரிக்காவும் கிடையாது, ராத்தாவின் கால்தான். நிலோபர் அந்த மேஜையின் கீழே விளையாடித்தான் வளர்ந்தாள்.

அந்தக் கடை வரிசையை இடித்துக் கட்டிவிட்டார்கள். டோ மியா மகள் வீட்டோடு போய்விட்டார். டிரான்ஸ்பார்மர் கொஞ்ச காலம் கதவுக்கு முட்டுக்கொடுத்தது, பிறகு அதையும் காணோம். சிவப்புக் கடிகாரம் கடைசிவரை இந்த ஊர் மின்சாரத்துக்குப் பழகாமலே நின்றுபோனது. வாப்பாவும் போய்ச் சேர்ந்தார். கூடத்தில் இப்போது சுருள் குழாய் பல்பு. அது குறைந்த வோல்ட்டிலும் அதே வெள்ளைதான், ரொம்பக் குறைந்தால் ஒரேயடியாக அணைந்துவிடும். தக்காளி நிறம் என்ற ஒன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை.

சார்ஜரின் முதுகில் எழுதியிருந்ததை ராத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நூறும் வாங்குமா, எரநூத்தி நாப்பதும் வாங்குமா?"

"எது வந்தாலும் வாங்கிக்கும். அலையையும் பாக்காது."

"அப்ப பல்பைப் பாத்துக்கிட்டு யாரும் உக்கார வேணாம்?"

"வேணாம்."

ராத்தா கூடத்தின் நடுவே, பிரம்பு நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கீரைக்குத் திரும்பினாள்.

"பாவம் வாப்பா. வேலை போச்சே."